எம்.ஜி.பி 1800: தேய்ந்த இரட்டை எஸ்.யு கார்பை மாற்றி வெபர் 45 போடலாமா?

பச்சைஎம்ஜி

வணக்கம். வண்டி 1970 எம்.ஜி.பி ஜி.டி, 1798 சி.சி. இரண்டு வருடத்துக்கு முன் இன்ஜினை முழுதாகப் பிரித்துச் செய்தோம். கேம்ஷாஃப்ட் தொழிற்சாலை வகையை விடக் கொஞ்சம் வேகமானது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் நல்ல குழாய் வகை. கார்ப் (கார்புரேட்டர்) மட்டும் பழைய எஸ்.யு எச்.எஸ்.4 ஜோடியே. ஐட்லிங் ஒரு இடத்தில் நிற்காமல் 700 ஆர்.பி.எம்முக்கும் 1100க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. 2500இல் மிதித்தால் ஒரு நொடி மூச்சு அடைத்துவிட்டுப் பிறகுதான் இழுக்கிறது. 4500க்கு மேல் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை.

மனதில் இருப்பவை: இரண்டு குழல் உள்ள ஒற்றை வெபர் 45 டி.சி.ஓ.இ, ஒற்றை எஸ்.யு எச்.ஐ.எஃப்.44, கீழ்நோக்கி உட்காரும் வெபர் 32/36 டி.ஜி.வி, இல்லையென்றால் எஸ்.யுவிலேயே பெரிய எச்.எஸ்.6 ஜோடி. பந்தயம் இல்லை, நீண்ட சாலைப் பயணம்தான். உண்மையைச் சொன்னால் மனம் 45 பக்கம் சாய்ந்துவிட்டது. எதை எடுக்கலாம்?

இரட்டைக்குழல்

45ஐ எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பானட்டைத் திறந்தால் இரண்டு வாய் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். 3000க்கு மேல் மிதித்தால் வரும் அந்த உறுமலுக்கே வாங்கலாம்.

ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) கணக்குக்குப் பயப்பட வேண்டாம், தொடங்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே உள்ள வென்ச்சுரி, அதாவது காற்று போகும் குறுகலான கழுத்து, 34 மி.மீ என்றால் அதை நாலால் பெருக்குங்கள், 136. ஆக மெயின் ஜெட் 135. அதோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர் 185. எமல்ஷன் ட்யூப் எஃப்16, ஐடில் ஜெட் 50எஃப்9. வண்டி ஓடும். மீதியைப் பிளக் நிறம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஊசிமுனை

தம்பி, புது கார்ப் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. முன் கார்பின் த்ராட்டில் ஷாஃப்டின் (காற்றைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு) முனையை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தீர்களா? ஐட்லிங் ஊஞ்சல் ஆடுகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். ஐம்பது வருடம் ஒரே ஓட்டையில் சுற்றிய ஷாஃப்ட் அது. ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும், அந்த இடைவெளி வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். நீங்கள் கலவையை எங்கே வைத்தாலும் அது கெடுத்துவிடும்.

இன்ஜின் ஐட்லில் இருக்கும்போது ஷாஃப்டின் இரு முனையிலும் கார்ப் க்ளீனர் ஒரு துளி அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

அப்புறம், டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி எவ்வளவு? டைமிங் எப்போது பார்த்தீர்கள்? கார்பைக் குறை சொல்லி என்னிடம் வந்த பல வண்டிகளில் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருந்தது.

கைக்கரி

க்ளீனர் அடிக்கும்போது கையில் தீயணைப்பான் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கார்புக்கு நேர் கீழே இருக்கிறது. இதை அனுபவத்தில் சொல்கிறேன், புருவம் திரும்ப முளைக்க இரண்டு மாதம் ஆனது.

பச்சைஎம்ஜி

பாயிண்ட் 0.4 மி.மீ, போன மாதம் மாற்றியது. டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. வேக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சினால் தகடு நகர்கிறது, பிடித்தும் நிற்கிறது.

ஷாஃப்ட் விஷயத்தில் ஊசிமுனை ஐயா சொன்னது சரி. முன் கார்பில் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. க்ளீனர் பட்டதும் இன்ஜின் சட்டென்று 200 ஆர்.பி.எம் ஏறி இறங்கியது. பின் கார்ப் பரவாயில்லை. ஆக முன் கார்ப் செத்துவிட்டது, அப்படியே 45க்குப் போய்விடலாம் இல்லையா?

ஊசிமுனை

சாகவில்லை. தேய்ந்த ஓட்டையில் புஷ் (உலோக வளையம்) அடித்துப் புது ஷாஃப்ட் போட்டால் இன்னொரு ஐம்பது வருடம் ஓடும். அதற்கு மேல் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் கேட்டது பெரிய கார்பைப் பற்றி என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்.யுவில் "பெரியது" என்பதற்கும் வெபரில் "பெரியது" என்பதற்கும் அர்த்தம் வேறு.

வெபரின் வென்ச்சுரி மாறாத ஓட்டை. அதன் வழியாகக் காற்று வேகமாகப் போனால்தான் பெட்ரோலை உறிஞ்சும். ஓட்டை பெரிதாக இருந்தால் குறைந்த ஆர்.பி.எம்மில் காற்று சோம்பலாகப் போகும், பெட்ரோல் வராது. அதனால்தான் அதற்கு ஆக்ஸிலரேட்டர் பம்ப், ஐடில் ஜெட், ப்ரோக்ரஷன் ஓட்டைகள் என்று இத்தனை உதவியாட்கள்.

எஸ்.யுவில் அந்த ஓட்டையே தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். இன்ஜின் கேட்கும் காற்றுக்கு ஏற்ப கார்புக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே எழும், அதோடு ஜெட்டுக்குள் நிற்கும் ஊசியும் எழும். காற்றின் வேகம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எஸ்.யுவை ஒரு அளவு கூட்டிப் போட்டாலும் கீழ் வேகத்தில் இழுவை அவ்வளவாகக் கெடாது. பிஸ்டன் கொஞ்சம் தாழ்வாக நிற்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு ஜெட்டையும் ஒரு ஊசியையும் வைத்து இதைச் சாதித்தவர்கள் ஸ்கின்னர் சகோதரர்கள். எஸ்.யு என்பதே ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம்தான்.

எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக: எச்.எஸ்.4 என்றால் ஒரு அங்குலமும் எட்டில் நாலும், அதாவது ஒன்றரை அங்குலம். எச்.எஸ்.6 ஒன்றே முக்கால். எச்.ஐ.எஃப்.44இல் வருவது மட்டும் மில்லிமீட்டர்.

மூன்றாம்கியர்

இதே இன்ஜினில் நான் மூன்று வருடம் 45 ஓட்டினேன். நல்லதும் சொல்கிறேன், கெட்டதும் சொல்கிறேன்.

முதலில் அந்த 45 என்ற எண்ணில் மயங்காதீர்கள். அது த்ராட்டில் தகட்டின் விட்டம். காற்று போவது 34 மி.மீ வென்ச்சுரி வழியாக. உங்கள் எச்.எஸ்.4இன் வாய் 38 மி.மீ. இரண்டு எச்.எஸ்.4ஐக் கழற்றிவிட்டு ஒரு 45 போடுகிறவர் பல நேரம் சிறிய ஓட்டைக்குத்தான் மாறுகிறார், அது அவருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, இந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட். 1ம் 2ம் ஒரு வாசல், 3ம் 4ம் இன்னொரு வாசல். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதனால் ஒரே வாசலில் இரண்டு சிலிண்டர் அடுத்தடுத்து உறிஞ்சும், பிறகு நீண்ட நேரம் அமைதி. சிலிண்டருக்கு ஒரு குழல் என்பதுதான் டி.சி.ஓ.இயின் அழகே. அந்த அழகு இந்த ஹெட்டில் கிடைக்காது. இரண்டு குழலும் பாதி நேரம் சும்மா நிற்கின்றன.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. உங்கள் 1970 வண்டியில் இன்ஜின் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) எங்கே போகிறது என்று பாருங்கள். எஸ்.யுவில் பிஸ்டனுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு சின்னக் குழாய்க்குப் போகும். அங்கே எப்போதும் ஒரே அளவு மெல்லிய உறிஞ்சல் இருக்கும். 45இல் அப்படி ஓர் இடமே இல்லை. நான் அதைத் திறந்து விட்டுவிட்டேன். இன்ஜினின் பின்பக்க சீலில் ஆயில் கசிய ஆரம்பித்தது, காருக்குள் ஆயில் வாடை. ஒரு பட்டறை சீலை இரண்டு முறை மாற்றிக் காசு வாங்கியதே தவிர பிரீதரை யாரும் கேட்கவில்லை.

நல்லது? 3500க்கு மேல் சத்தம் அற்புதம். ஜெட் மாற்ற ஐந்து நிமிடம், மேல் மூடியில் உள்ள பட்டாம்பூச்சி திருகைக் கழற்றினால் எல்லாம் கையில். ரோலிங் ரோடில் (வண்டியை உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் மேடை) ஒரு நாள் முழுதும் நின்று செட் செய்த பிறகு வண்டி சுத்தமாக ஓடியது. அந்த ஒரு நாளுக்கு முன்பு எட்டு மாதம் திணறியது.

இரட்டைக்குழல்

எட்டு மாதம் திணறினால் அது கார்பின் குற்றமா, செட் செய்தவரின் குற்றமா? சாலை ஓட்டத்தில் பெரும்பகுதி ஐடில் ஜெட்டில்தான் போகிறது என்பதே பலருக்குத் தெரியாது. மெயின் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். 2500இல் மூச்சு அடைத்தால் பார்க்க வேண்டியது ஐடில் ஜெட்டை.

பெட்ரோல் அழுத்தமும் 3 பி.எஸ்.ஐ அளவில் இருக்க வேண்டும். கூடினால் நீடில் வால்வ் தள்ளப்பட்டு வழியும். கார்பை மேனிஃபோல்டில் முறுக்கிக் கட்டவும் கூடாது. ரப்பர் வளையமும் ஸ்பிரிங் வாஷரும் போட்டு லேசாக அசையும்படி விட வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் நடுக்கத்தில் மிதவை அறையில் பெட்ரோல் நுரைக்கும். இதெல்லாம் செய்தீர்களா?

மூன்றாம்கியர்

கடைசி இரண்டையும் செய்தேன். முதலாவதை எட்டாவது மாதம் செய்தேன். சரி, ஒரு புள்ளி உங்களுக்கு.

வி8பித்து

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 350 கன அங்குல வி8. 600 சி.எஃப்.எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) நாலு குழல் கார்ப் போதுமா, 750 வேண்டுமா? எல்லோரும் 750 என்கிறார்கள்.

மூன்றாம்கியர்

கணக்குப் போடுங்கள், யாரையும் நம்ப வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை உறிஞ்சுகிறது. 350 கன அங்குலம் என்பது 5.7 லிட்டர். 5500 ஆர்.பி.எம்மில் 5.7 × 5500 ÷ 2 = 15,675 லிட்டர், ஒரு நிமிடத்துக்கு. சாலை இன்ஜின் அதில் 85 சதவீதம் நிரம்பினால் நல்லது. சுமார் 13,300 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் 470 சி.எஃப்.எம். 600க்கே இடம் மிச்சம் இருக்கிறது. இரண்டாம் ஜோடிக் குழல் வேக்குவத்தில் திறக்கும் வகையாகப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் அது தவறையும் மன்னிக்கும்.

இன்னொரு கண்ணி: இரண்டு குழல் கார்பின் சி.எஃப்.எம்மை 3 பாதரச அங்குல அழுத்த வித்தியாசத்தில் அளக்கிறார்கள், நாலு குழலை ஒன்றரையில். 500 என்று எழுதிய இரண்டு குழல், நாலு குழல் கணக்கில் ஏறக்குறைய 350தான். இரண்டு பெட்டியின் எண்ணை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

பச்சைஎம்ஜி, உங்களுடையதையும் இதே வழியில் போட்டால் 150 சி.எஃப்.எம் பக்கம் வரும்.

பச்சைஎம்ஜி

அந்த 150ஐ எச்.எஸ்.4 ஜோடி தருகிறதா இல்லையா என்று வீட்டில் இருந்தபடி எப்படித் தெரிந்துகொள்வது? ரோலிங் ரோடு இல்லாமல்?

டி.ஜி.வி பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

இரட்டைக்குழல்

டி.ஜி.வி நல்ல குணமுள்ள கார்ப். முதல் குழல் 32, அது போதாதபோது 36 திறக்கும். ஒற்றை கார்ப் வந்த வண்டிக்கு வரம். இரட்டை எஸ்.யுவைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் வசதி கூடும், இழுவை கூடாது. வெபர் என்று பெயர் இருப்பதால் நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஊசிமுனை

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு வேக்குவம் கேஜ், ஒரு நீளமான ரப்பர் குழாய், பக்கத்தில் உட்கார ஓர் ஆள். கார்புக்குப் பின்னால், இன்லெட் மேனிஃபோல்டில் குழாயைச் செருகுங்கள். பானட் இடுக்கு வழியாகக் காருக்குள் கொண்டு வாருங்கள். ஆளில்லாத ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முழு மிதி மிதித்து 5500 வரை போங்கள். பக்கத்தில் இருப்பவர் முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கார்ப் வழியை அடைக்கவில்லை என்றால் முள் பூஜ்ஜியத்துக்கு அருகில் நிற்கும். எஸ்.யுவில் மட்டும் முழு பூஜ்ஜியம் வராது. பிஸ்டனைத் தூக்கிப் பிடிக்கவே கொஞ்சம் வேக்குவம் வேண்டும், அதனால் அரை, ஒரு பாதரச அங்குலம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஆர்.பி.எம் ஏற ஏற அது இரண்டு, மூன்று என்று கூடிக்கொண்டே போனால் எங்கோ கழுத்து நெரிகிறது. ஒரு முறை ஏர் ஃபில்டரோடு, ஒரு முறை கழற்றிவிட்டு. ஃபில்டர் இல்லாத ஓட்டம் ஒன்றோடு நிற்கட்டும்.

ஷாஃப்டைச் சரிசெய்த பிறகு இதைச் செய்யுங்கள். அதற்கு முன் அளந்தால் எந்தக் குறை எதனுடையது என்று பிரிக்க முடியாது.

பச்சைஎம்ஜி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு கார்புக்கும் புஷ் அடித்துப் புது ஷாஃப்ட் போட்டாயிற்று. ஜெட்டை மையப்படுத்த அரை நாள் ஆனது. பிஸ்டனைத் தூக்கிவிட்டால் "டக்" என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும் என்றார்கள். முன் கார்ப் பத்தாவது முயற்சியில்தான் அந்த "டக்"கைக் கொடுத்தது. ஜெட்டைப் பாலத்திலிருந்து (காற்று வழியின் தரை) ஜெட் நட்டின் 12 பட்டை, அதாவது இரண்டு சுற்று, இறக்கி ஆரம்பித்தேன். அப்புறம் லிஃப்ட் பின் என்ற சின்னக் குச்சியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), தடுமாறினால் லீன் (பெட்ரோல் குறைவு), ஒரு கணம் ஏறி இறங்கினால் சரி. இரண்டிலும் அந்த ஒரு கணம் கிடைத்தது. ஐட்லிங் 850இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

ஆனால் 2500 மூச்சடைப்பு பாதிதான் போனது. மேலே இன்னும் மந்தம்.

கேஜ் சோதனை: மச்சானை உட்கார வைத்தேன். முதல் ஓட்டத்தில் கேஜைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக் கத்தினார். இரண்டாவதில் படித்தார். ஃபில்டரோடு 5500இல் 3 அங்குலம். ஃபில்டர் இல்லாமல் 1. எனக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு ஏற்றத்தில் ஓட்டினேன், ஊசிமுனை ஐயா மன்னிக்க வேண்டும். அதே எண்கள்.

ஊசிமுனை

இரண்டு அங்குலம் ஃபில்டரால் என்பது மிக அதிகம். ஃபில்டர் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் இவ்வளவு வராது. கார்ப் முகத்தில் ஃபில்டர் உட்காரும் இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கேஸ்கட்டையும்.

பச்சைஎம்ஜி

போட்டிருக்கிறேன். இடது படம் முன் கார்ப், வலது பின் கார்ப்.

ஊசிமுனை

கிடைத்துவிட்டது. முன் கார்பின் முகத்தைப் பாருங்கள். பெரிய வாய்க்கு அருகே இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போக வேண்டிய வழி அது. பிஸ்டன் எழுவது எப்படி? மேலே உறிஞ்சல், கீழே வெளிக்காற்று. கீழே காற்று வராவிட்டால் அது எதை மிதித்து எழும்? உங்கள் முன் கேஸ்கட் தலைகீழாக இருக்கிறது. அதன் ஓட்டைகள் ஒரு பக்கம், கார்பின் ஓட்டைகள் எதிர்ப் பக்கம். பின் கார்பில் சரியாக இருக்கிறது. பின் பிஸ்டன் எழுகிறது, முன் பிஸ்டன் படுத்துக்கிடக்கிறது. 2500இல் மூச்சு அடைத்ததும் இதனால்தான்.

கைக்கரி

இரண்டு வருடம் ஓர் அட்டைத் துண்டு. இதற்குத்தான் 45 வாங்கக் கிளம்பினாரா!

பச்சைஎம்ஜி

திருப்பிப் போட்டேன், ஃபில்டரோடு 5500இல் ஒன்றேகால். மூச்சடைப்பு போயே போய்விட்டது. பானட்டைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இப்போது புதுப் பிரச்சினை. நண்பரிடம் வாங்கிய அகலப்பட்டை லாம்ப்டா மீட்டரில் 5000க்கு மேல் முழு மிதியில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.2 காட்டுகிறது. முன்பு இப்படியா என்று தெரியாது, அளக்கவில்லை.

மூன்றாம்கியர்

லீன். முழு மிதியில் 12.5 முதல் 13 வரை வேண்டும், இன்றே மேலே மிதிப்பதை நிறுத்துங்கள், இன்ஜின் பிஸ்டன் உருகும். கேம் மாறியிருக்கிறது, எக்ஸாஸ்ட் மாறியிருக்கிறது, ஊசி மட்டும் தொழிற்சாலையில் வந்ததே. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் தள்ளும். நுனிப் பக்கம் மெல்லிய ஊசி ஒரு ஜோடி போடுங்கள். ஐடில் பகுதியின் அளவு பழைய ஊசியோடு ஒத்துப்போக வேண்டும். ஊசி அட்டவணையில் ஒவ்வொரு எட்டில் ஓர் அங்குலத்துக்கும் தடிமன் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் குழாயையும் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். பழைய குழாய் உள்ளேயிருந்து உதிர்ந்து நீடில் வால்வில் போய் உட்காரும்.

இரட்டைக்குழல்

ஆக 45 கிடையாதா? நான் சொல்லிக்கொள்கிறேன், ஹெட்டை மாற்றி, சிலிண்டருக்கு ஒரு இன்லெட் வாசல் உள்ள ஏழு போர்ட் வகை போட்டால் அன்றைக்கு இந்த இழைக்கே திரும்பி வருவீர்கள்.

ஊசிமுனை

ஹெட் மாறினால் நானே 45 வாங்கச் சொல்வேன், சண்டையே இல்லை. இந்த ஹெட்டில் வேண்டாம். நாளை வால்வைப் பெரிதாக்கினால் எச்.எஸ்.6 ஜோடி பாருங்கள். எச்.ஐ.எஃப்.44 ஒன்று போட்டால் இரண்டை ஒத்திசைக்கும் வேலை மிச்சம். ஆனால் உங்களுக்கு இப்போது அந்த வேலை பழகிவிட்டதே.

பச்சைஎம்ஜி

புது ஊசி போட்டு 12.8. ஆறு மணி நேரப் பயணம் போய் வந்தேன். சூடான இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. வெப்பத் தடுப்புத் தகட்டின் அஸ்பெஸ்டாஸ் உறை உதிர்ந்திருக்கிறது, அடுத்து அதைப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி இழை போடுகிறேன்.

இன்னொன்று, ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையை ஆரம்பிப்பதற்கு முந்தின நாளே 45க்கான மேனிஃபோல்டை வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரிக்கவே இல்லை. யாருக்காவது வேண்டுமா?

இரட்டைக்குழல்

எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

வி8பித்து

என் கார்ப் அடிக் கேஸ்கட்டை இன்று கழற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இருக்கிறது.